சிவப்பு தெரியக் கூடாது

யார்மத் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது
மடக்குக் கத்தி.
கண்ணாடி மாதிரிப் பளபளப்பு,
பாட்டில் திறக்க ஒரு கொக்கி வேறு.
என் ரப்பர் கையுறையைக் கழற்றி நீட்டினேன்:
இதைப் போட்டுக்கொண்டு
ஒரே கையால் திறந்து காட்டுங்கள்.
மூன்று முறை முயன்றார்.
சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

நான் கேட்டது அழகில்லாத கத்தி.
மடங்காதது. முனை மழுங்கியது,
பதறி ஓடிவருகிறவன்
காப்பாற்ற வந்த காலையே கிழித்துவிடக் கூடாதே.
அலகில் பாதி ரம்பப் பல்.
பிடி ஆரஞ்சு நிறம்,
விழுந்தால் தேடுவதில் இரண்டு நொடி மிச்சம்.

அன்றிரவு சமையலறையில் சோதனை.
வாளியில் பனிக்கட்டித் தண்ணீர், அதில் ஊறிய கயிறு.
கதவு நிலையில் கட்டி
உப்பு மூட்டையைத் தொங்கவிட்டேன்.
இடது கை. கண்ணை மூடிக்கொண்டு.
இறுகிய கயிறு இரண்டே இழுப்பில் விட்டது.
மூட்டை விழுந்த சத்தத்தில்
மாடியிலிருந்து அல்செட் கேட்டார்,
"யாரைக் கொன்றாய்?"
தொய்ந்த கயிறு மட்டும் வெட்டுப்படவே இல்லை,
நழுவி நழுவிப் போனது
கடன் வாங்கியவன் பேச்சைப் போல.

நான்கு வாங்கினேன்.
பின்தளத்தில் இடம் ஒன்று, வலம் ஒன்று,
சுக்கான் அறைக் கதவருகே ஒன்று,
இன்னொன்று கயிறு விடுகிறவன் நெஞ்சில்.
படகுக்கு ஒரே சட்டம்:
இவற்றால் இரை நறுக்கக் கூடாது,
ரொட்டி அறுக்கக் கூடாது,
நகத்தழுக்குகூட எடுக்கக் கூடாது.
"மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கலாமா, அதன் முன்னால்?"
என்றான் தியோத்திம்.

நவம்பரின் கடைசித் திங்கள்.
சிங்கிறால் பருவம் திறக்கும் விடியல்.
கூண்டுகளை மாடிவீடு போல அடுக்கிக்கொண்டு
பப்னிகோத் துறையின் எல்லாப் படகுகளும் கிளம்பின.
மைனஸ் ஆறு.
ஒரு கயிற்றுக்கு இருபது கூண்டு.
முதலாவதைத் தள்ளினால் போதும்,
மற்றவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு
திறந்த பின்பக்கம் வழியே போய்விடும்.
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
லெவி தளத்தில் உட்கார்ந்தான்.
உட்கார்ந்தான் என்றுதான் நினைத்தேன்.
கணுக்காலில் சுருக்கு.

இயந்திரத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.
வலப்பக்கக் கத்திக்கும் தியோத்திமுக்கும் நடுவே
கயிறு ஓடிக்கொண்டிருந்தது.
லெவியின் கத்தி
குளிருக்குப் பொத்தானிட்ட அங்கிக்கு உள்ளே.
தியோத்திம் இடப்பக்க உறைக்குத் தாவினான்.
உறை இருந்தது.

கத்தி தேநீர்க் கெண்டியருகே கிடந்தது.
விடிகாலை நாலு மணிக்கு
அதால் வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்தவள்
நான்.

லெவியை விட்டுவிட்டது அவனுடைய பூட்ஸ்.
அண்ணன் ரெமியுடையது, இரண்டு அளவு பெரியது.
அது மட்டும் போனது.
ஈரக் காலுறையோடு எழுந்து நின்று
"ரெமிக்கு என்ன பதில் சொல்வேன்" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் சிரித்தார்கள்.
நான் உள்ளே போய்க் கத்தியைக் கழுவினேன்.
அந்தக் குளிரில்
வெண்ணெய் லேசில் போகவில்லை.

உறைகளைக் கழற்றிப்போட்டேன்.
பலகை, கவ்வி, அவ்வளவுதான்.
ஒவ்வொரு கத்திக்கும் பின்னால்
அதே அளவில் ஒரு கத்தியைச் சிவப்பில் தீட்டினேன்.
இப்போது படகில் ஏறியதும்
கத்தி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.
சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

மறுநாள் அதே கயிற்றை இழுத்தோம்.
பன்னிரண்டாவது கூண்டில் நான்கு சிங்கிறால்,
ஒன்று அளவு போதாமல் திரும்பிப் போனது.
அடுத்து பூட்ஸ் ஏறி வந்தது,
நிமிர்ந்தபடி, கடல் ததும்ப,
சுருக்கு அப்படியே கணுக்காலில்.
அவிழ்க்க யாரும் கை நீட்டவில்லை.
இடப்பக்கக் கத்தியை எடுத்து
லெவியிடம் கொடுத்தேன்.
இரண்டே இழுப்பு.
மீதி எட்டுக் கூண்டும்
மறுமுனை மிதவையை நம்பி மூழ்கின.

அவன் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான்,
ஒரு நண்டையும்.
பலகையில் சிவப்பு தெரிந்தது.
"வை," என்றேன்.
"முதலில் அதை அதன் இடத்தில் வை."